சாம்பிள் ஓட்டம்

எங்கள் தெருவில் எந்த விளையாட்டு தொடங்கினாலும் சின்னப் பிள்ளை ஒன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நிற்கும். சேர்த்துக்கொள்ளாவிட்டால் அதன் அம்மா சண்டைக்கு வருவாள். சேர்த்துக்கொண்டால் ஆட்டம் கெடும். அதனால் அதைச் சாம்பிளாகச் சேர்த்துக்கொள்வோம். சாம்பிள் ஓடலாம், ஒளியலாம், யாரை வேண்டுமானாலும் தொடலாம். அது தொட்டால் யாரும் அவுட் இல்லை. அதைத் தொட்டாலும் அது அவுட் இல்லை. மற்ற ஊர்களில் இதை ஒப்புக்குச் சப்பாணி என்கிறார்கள். ஆம்பூரில், வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிக்குப் போகிற எங்கள் தெருவில், சாம்பிள் என்போம். இதில் விதி ஒன்றே ஒன்றுதான். நீ சாம்பிள் என்று அந்தப் பிள்ளையிடம் மட்டும் சொல்லக் கூடாது.

என் அப்பா தேவசகாயம் கம்பெனியில் சாம்பிள் ரூமில் வேலை செய்தார். வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஷூ செய்து காட்ட வேண்டும். அதைச் செய்வது அப்பாவும் இன்னும் சிலரும். லைனில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று டார்கெட் உண்டு. சாம்பிள் ரூமுக்கு அது கிடையாது. அங்கே செய்கிற ஷூ எந்தக் கணக்கிலும் சேராது.

"எவனும் பின்னாடி வந்து நிக்க மாட்டான். ஒரு பேஜாரும் இல்ல," என்பார் அப்பா.

அப்பாவை எல்லோருக்கும் பிடிக்கும். பைக் கேட்டால் பைக் தருவார், ரத்தம் கேட்டால் ரத்தம் தருவார். அவர் ஒருவரிடம் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா ஸ்டிச்சிங் லைனில் இருந்தாள். இரவு வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு, "ஊருக்கெல்லாம் நல்லவன், சட்டியில சோறு மட்டும் வரல," என்பாள். அப்பா அதற்கும் சிரிப்பார்.

நான் எட்டாம் வகுப்பு படித்தேன். பள்ளியில் பேசுகிற பிள்ளை இல்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "பிரசன்ட் மிஸ்" என்று நான் சொல்வது மிஸ்ஸுக்குக் கேட்காது. பக்கத்தில் இருக்கும் சைராதான், "வந்திருக்கா மிஸ்," என்று சத்தமாகச் சொல்வாள். ஆனால் ஓடுவேன். ஓடும்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சைராவும் ஓடுவாள். அவளுடைய அப்பா நிசார் அஹமது லோடு ஆட்டோ வைத்திருந்தார். அவரும் என் அப்பாவும் சின்ன வயதிலிருந்தே தோஸ்த். அப்பாதான் எங்கள் இருவரையும் விடியற்காலையில் எழுப்பிப் பைக்கில் பாலாற்றுக்குக் கூட்டிப்போவார். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மணல் அகலமாகக் கிடக்கும். அப்பா தூரத்தில் போய்த் துண்டை விரித்து அதன்மேல் நின்றுகொள்வார். துண்டுதான் எல்லை.

"மணல்ல ஓடுனா தரையில பறப்பீங்க. வாங்க வாங்க வாங்க!"

நான்தான் துண்டை முதலில் தொடுவேன். சைரா பின்னால் வந்து என் சடையைப் பிடித்து இழுப்பாள். "ஒரு நாளாச்சும் தோத்துத் தொலையேன்டி," என்பாள்.

பள்ளி விளையாட்டு விழாவில் இருநூறு மீட்டரில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் வேலூரில் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்குப் போவார்கள் என்று பி.டி. மிஸ் ஜூன் மாதமே சொல்லியிருந்தார். வேலூருக்கு நான் ஆஸ்பத்திரிக்காகப் போயிருக்கிறேன், ஒருமுறை கோட்டை பார்க்கப் போயிருக்கிறேன். ஓடுவதற்காக எந்த ஊருக்கும் போனதில்லை. அன்று இரவே அப்பாவிடம் கேட்டேன்.

"வேலூர் போலாமாப்பா?"

"போலாம் போலாம். மொதல்ல ஓடு," என்றார்.

அதன்பிறகு வேறு எதையும் நான் பெரிதாக நினைக்கவில்லை.

விழா அன்று மைதானத்தில் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மதிலுக்கு அப்பால் தோல் பதனிடும் டேனரியின் நாற்றம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. தலைமை ஆசிரியை மைக்கில் பேசினார். போன வருடம் தோற்ற பிள்ளைகள் அழுதார்களாம், பெற்றோர் வந்து வருத்தப்பட்டார்களாம். அதனால் இந்த வருடம் ஓடுகிற ஒவ்வொரு குழந்தைக்கும் மெடல் உண்டு. நம் பள்ளியில் ஓடுகிற எல்லோரும் வெற்றியாளர்களே.

சைரா என் காதில், "அப்ப இன்னாத்துக்குடி வெயில்ல ஓட வெக்கிறாங்க? உக்காந்த எடத்துலயே குடுத்துடலாம்ல," என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இருநூறு மீட்டருக்கு மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். பி.டி. மிஸ் சௌம்யா ஒவ்வொருவர் பனியனிலும் எண் எழுதிய தாளை ஊக்கால் குத்திவிட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தபோது கையில் தாள் இல்லை.

"நம்பர் தீந்து போச்சு மேகலா. பரவால்ல, உன்னத் தெரியாதா எங்களுக்கு?"

ஆறு தடங்கள் இருந்தன. என்னை வெளியோரத்தில் ஏழாவதாக நிறுத்தினார். அந்தக் கோடு மற்றவற்றைவிட மெலிதாக இருந்தது. சுண்ணாம்பும் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். பெற்றோர் கூட்டத்தில் அப்பா நாற்காலி மேல் ஏறி நின்று, ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் கட்டைவிரலைக் காட்டினார்.

விசில் ஊதியது.

வளைவு முடிகிற வரை யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நேர்ப்பாதைக்கு வந்தபோது பக்கவாட்டில் சைராவின் மூச்சு கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அது பின்னால் போக வேண்டும். போயிற்று. பிறகு என் மூச்சு மட்டும் இருந்தது. எல்லைக்கோடு காலுக்குக் கீழே கடந்தது. நெஞ்சில் ரிப்பன் படவில்லை. நின்று திரும்பிப் பார்த்தேன். ரிப்பனைப் பிடித்திருந்த பையன் ஆறாவது தடத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். என் தடம் வரை ரிப்பன் வரவில்லை. எனக்குப் பின்னால் வந்த சைராவின் நெஞ்சில் அது சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. சைராவைக் கட்டிக்கொண்டேன். "ரெண்டு பேரும் வேலூர்!" என்றேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் பேசவில்லை என்று நினைத்தேன்.

மைக்கில் பெயர் சொன்னார்கள். "முதலிடம், சைரா. இரண்டாமிடம், ரோஷினி. மூன்றாமிடம்..." மூன்றாவது பெயரை நான் கேட்கவில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, யாராவது போய்ச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பொதுவாக எனக்காக அப்படிப் போய்ச் சொல்கிறவள் சைராதான். அவள் மேடைக்குப் போய் நிஜ மெடலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

நானே போனேன். மேசையைச் சுற்றி நிறையப் பேர் இருந்தார்கள். மிஸ் என்று கூப்பிட்டேன், காதில் விழவில்லை. கிட்டே போய்ச் சேலைத் தலைப்பைத் தொட்டேன்.

"மிஸ், நான்தான் ஃபர்ஸ்ட் வந்தேன்."

சௌம்யா மிஸ் என்னைப் பார்த்தார். பெட்டியிலிருந்து மஞ்சள் பிளாஸ்டிக் மெடல் ஒன்றை எடுத்து என் கழுத்தில் போட்டார். பால்வாடிக் குழந்தைகள் கழுத்திலும் அதுதான் தொங்கியது.

"நல்லா ஓடுன மேகலா. நெசமாவே நல்லா ஓடுன."

"என் பேரு சொல்லல மிஸ்."

அவர் பக்கத்தில் இருந்த டீச்சரைப் பார்த்தார். அந்த டீச்சர் ஊக்குகளை எண்ணத் தொடங்கினார்.

"அப்பா வந்திருக்காருல்ல? அவரக் கேளும்மா. நான் சொல்றது நல்லாருக்காது."

அப்பா நின்றிருந்த நாற்காலி காலியாக இருந்தது. தேடிக்கொண்டு போனபோது தண்ணீர்க் குழாய் அருகில் சைராவைப் பார்த்தேன். மெடலைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சைரா, நான்தான முன்னாடி வந்தேன்?"

"ஆமா."

"அப்புறம் ஏன் உன் பேரு சொன்னாங்க?"

அவள் குழாயை மூடினாள். மூடின பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ சாம்பிள்டி," என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"யாரு சொன்னா?"

"மிஸ். திங்கக்கெழமையே. உங்கப்பா வந்து கேட்டுக்கிட்டாராம். அவ ஓடட்டும், எண்ண மட்டும் வேணாம்னு."

"திங்கக்கெழமையா? அதுக்கப்புறம் டெய்லி ஆத்துக்கு வந்தியே. ஏன் சொல்லல?"

"சாம்பிள்கிட்ட சொல்லக் கூடாதுல்ல." சொல்லிவிட்டு அவளுக்கே அழுகை வந்துவிட்டது. "சொன்னா நீ ஓட மாட்டேன்னு வீட்டுலயே உக்காந்துக்குவடி. நீ முன்னாடி ஓடுனாதான் எனக்கு ஸ்பீடு வரும். ரோஷினி பின்னாடி வந்துட்டே இருந்தா. நான் இன்னா பண்ணட்டும்?"

நான் அவளைத் தேற்ற வேண்டும் என்பது போல நின்றாள். நான் தேற்றவில்லை.

மைக்கில் அப்பாக்கள் ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மைதானம் முழுவதும் சிரிப்பு எழுந்தது. தொடக்கக் கோட்டில் ஆண்கள் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். என் அப்பாவும் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து நண்பர் ஒருவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிசார் மாமா.

"இன்னா சகாயம், முட்டி தாங்குமா?"

"பாய், நீ மொதல்ல உன் வயித்தத் தூக்கினு ஓடு. அப்புறம் என் முட்டியப் பேசலாம்."

"ப்பா," என்றேன்.

"வாடா கண்ணு! பாத்தேன் பாத்தேன், இன்னா ஓட்டம்! ஃபோன்ல எடுத்து வெச்சிருக்கேன், அம்மாகிட்ட காட்டலாம்."

"என்ன எண்ண வேணாம்னு நீ சொன்னியா?"

அப்பாவின் சிரிப்பு மாறவில்லை. நிசார் மாமா குனிந்து, ஏற்கெனவே மடித்திருந்த பேன்ட்டை அவிழ்த்து மறுபடியும் மடித்தார்.

"இரு கண்ணு. இத முடிச்சிட்டு வந்துடறேன்," என்றார் அப்பா.

விசில் ஊதியது. நான் அங்கேயே நின்றேன்.

அப்பா ஓடி நான் பார்த்ததில்லை. துண்டின் மேல் நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். நன்றாக ஓடினார். பாதி தூரத்தில் நிசார் மாமா வயிற்றோடும் எல்லாவற்றோடும் அவருக்குச் சமமாக வந்துவிட்டார். அப்பா ஒருமுறை பக்கவாட்டில் பார்த்தார். பல்லைக் கடித்திருந்தார். வீட்டில் அந்த முகம் கிடையாது. அப்புறம் அவருடைய முழங்கை வெளியே வந்தது. நிசார் மாமா கோட்டை விட்டு விலகி, இரண்டு கையையும் சுழற்றி, விழாமல் தப்பித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா நெஞ்சை முன்னால் தள்ளி ரிப்பனை அறுத்தார். இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"முதலிடம், எட்டாம் வகுப்பு மேகலாவின் தந்தை!"

அன்று மைக்கில் என் பெயர் வந்தது அப்போதுதான்.

பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வழியில் எல்லோரிடமும் கை குலுக்கிக்கொண்டு அப்பா என்னிடம் வந்தார். "புடி, உனக்குத்தான்," என்று நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. சைக்கிள் ஷெட் பக்கம் நடந்தேன். பின்னால் வந்தார்.

"நீ சொன்னியா இல்லியா?"

அப்பா ஒரு சைக்கிள் சீட்டின் மேல் ஹாட்பாக்ஸை வைத்தார். அது சரிந்தது, பிடித்துக்கொண்டார்.

"உங்க பெரியப்பா கேட்டாருடா. போன மாசம் நிச்சயதார்த்தத்துல. பந்தியில அத்தன பேரு முன்னாடி. பொண்ணு அரை டவுசரு போட்டுகினு வேலூர்ல ஊர் பசங்க முன்னாடி ஓடப் போவுதாமேன்னு. நான் இன்னா சொல்ல முடியும்? போவாதுண்ணான்னேன்."

"என்கிட்ட போலாம்ன."

"உன்கிட்ட வேற இன்னா சொல்றது? நீ ஆசையா கேக்கற."

"போன மாசத்துக்கு அப்புறமும் டெய்லி காலையில என்ன எழுப்புன."

"எழுப்பாம?" அப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீ ஓடறதப் பாக்கறது எனக்கு எவ்ளோ இஷ்டம் தெரியுமா? ஓட வேணாம்னு நான் சொல்வனா? அதான் மிஸ்கிட்ட போய்ப் பேசுனேன். நீயும் ஓடுன மாதிரி ஆச்சு, பெரியப்பாவுக்கும் சொன்ன சொல்லு நின்ன மாதிரி ஆச்சு. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"யார் யாருக்குத் தெரியும்?"

"மிஸ்ஸுக்கு. பாய்க்கு. அவ்ளோதான்."

"சைராவுக்குத் தெரியும். அம்மாவுக்கு?"

அப்பா ஹாட்பாக்ஸின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

"நான் சாம்பிளாப்பா?"

"சாம்பிள்னா கேவலமா?" முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "மொத தரத் தோலு எங்க போவுதுன்னு நெனைக்கிற? ஒரு கீறல் இல்லாம, ஒரு உண்ணி கடிச்ச தழும்பு இல்லாம, பாத்துப் பாத்து எடுத்து எங்க ரூமுக்குத்தான் தர்றாங்க. லைனுக்குப் போறது கம்மி தரம். நாங்க செய்றத அவசரப்படுத்தறது இல்ல, எண்றது இல்ல. அப்டி வெச்சிப் பாத்துக்கிறாங்க."

அவர் மனதாரத்தான் சொன்னார். அந்த ரூமை நான் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜை அன்று குடும்பத்தை உள்ளே விடுவார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அதில் வரிசையாக ஷூ. எல்லாம் ஒற்றை. எல்லாம் வலது கால். எதன் அடியிலும் மண் இல்லை.

"அப்ப நிசார் மாமாவ ஏன் இடிச்ச?" என்றேன்.

"இன்னாது?"

"முழங்கையால இடிச்ச. நான் பாத்தேன்."

அப்பா சிரித்தார். "அடப் போடா. ரேஸ்னா அப்டித்தான். பக்கத்துல வந்துட்டான்ல?"

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவரிடம் ஒரே ஒரு விஷயம் வேண்டும் போல இருந்தது.

"வேலூர் போவக் கூடாதுன்னு என்கிட்ட சொல்லுப்பா. என் மூஞ்சப் பாத்துச் சொல்லு. நான் போவல. இனிமே கேக்கவும் மாட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். கழுத்தில் இருந்த மஞ்சள் மெடலைப் பார்த்தார். ஷெட்டுக்கு வெளியே பெற்றோர்கள் வண்டிகளைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். யாரோ "சகாயம், கலக்கிட்டப்பா!" என்று கத்திக்கொண்டே போனார். அப்பா அவருக்குக் கையை ஆட்டிவிட்டுத் திரும்பினார்.

"யாரு போவக் கூடாதுன்னாங்க?" என்றார். "போலாம்டா. பெரியப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நீ தான ஃபர்ஸ்ட் வந்த, ஊரே பாத்துச்சே. வா, மிஸ்கிட்ட இப்பவே சொல்லிடலாம். மூஞ்ச அப்டி வெச்சிக்காத."

நான் அசையாமல் நின்றேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். மைதானத்தைப் பாதி கடந்தபோது அவர் என்னை இழுக்கவில்லை, நான்தான் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தேன் என்பதைக் கவனித்தேன்.

கூட்டம் கலைந்திருந்தது. ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சௌம்யா மிஸ் மட்டும் மேசை முன்னால் உட்கார்ந்து மிச்ச மெடல்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"மிஸ், நான் வேலூர் போறேன்," என்றேன். சத்தமாகவே வந்தது. "அப்பா சரின்னுட்டாரு."

மிஸ் என் தலைக்கு மேலே பார்த்தார். "சார்?"

அப்பா எனக்குப் பின்னால் நின்றிருந்தார். என் தோளில் கை வைத்தார்.

"ஆமா மிஸ். ஆசப்படறா. போவட்டும். பேர எழுதிக்கோங்க."

சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் இறங்கியிருந்தது. மேசை மேல் வெள்ளை விரிப்பு இருந்தது. அதன்மேல் என் நிழலும் அப்பாவின் நிழலும் ஒன்றாக நீண்டு கிடந்தன. என் தலைக்கு மேலே அவர் தலை. "பேர எழுதிக்கோங்க" என்று அவர் சொல்லி முடிக்கும்போது அந்தத் தலையின் நிழல் வேண்டாம் என்று அசைந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடியும் இந்தப் பக்கம். மெதுவாக, மிஸ்ஸுக்கு நன்றாகத் தெரியும்படி.

தோளில் அவர் கை அப்படியே இருந்தது. நான் திரும்பவில்லை.

மிஸ் குனிந்து என் கன்னத்தைத் தட்டினார். "சரி மேகலா. எழுதிக்கறேன்," என்றார்.

"மிஸ்ஸுக்குத் தேங்க்ஸ் சொல்லுடா," என்றார் அப்பா.

சொன்னேன்.